ஸ்டாப்வாட்ச்சில் அகப்பட்ட டி.என்.ஏ.வின் நீளம்

206.7 வினாடி. திரும்ப ஓட்டினேன், 206.6. இன்னொரு தடவை, மறுபடியும் 206.7. ஆறு வாரமாக ஒரே கண்ணாடிக் குழாயை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, மூன்று தடவை ஒரே எண் வருவதே பெரிய விஷயம். அந்த எண் சொல்லும் செய்தி அதைவிடப் பெரியது: டி.என்.ஏ.வில் ஒட்டும் எத்திடியம் புரோமைடு என்ற பொருளைச் சேர்த்ததும் குழாய்க்குள் இருந்த டி.என்.ஏ. துண்டுகள் ஆறில் ஒரு பங்கு நீண்டிருந்தன.

டி.என்.ஏ.வில் ஒட்டும் மருந்துகள் அதன் உருவத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பெரிய கருவி எதுவும் இல்லாமல் பார்க்க முடியுமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. வழி பழையது. 1961இல் லியோனார்ட் லெர்மன் அக்ரிடீன் சாயங்களை டி.என்.ஏ. கரைசலில் சேர்த்தபோது கரைசலின் பாகுத்தன்மை கூடியது. டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி என்றால், சாய மூலக்கூறு அதன் படிகளுக்கு நடுவே தட்டையாகச் செருகிக்கொள்கிறது, அதனால்தான் டி.என்.ஏ. நீள்கிறது என்று அதிலிருந்து அவர் சொன்னார். நீளமான குச்சிகள் மிதக்கும் நீர் மெதுவாக ஓடும். குச்சி இன்னும் நீண்டால் இன்னும் மெதுவாக ஓடும். அவ்வளவுதான் தத்துவம். ஓடும் நேரத்தை அளந்தால் போதும்.

போதும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு.

கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. பஞ்சு மாதிரி வெள்ளை நாராக வரும். 20 மி.கி. எடுத்துத் தண்ணீரில் போட்டு, 4 டிகிரியில் வைத்தேன். இது அவசரப்பட்டால் கெடும் வேலை. கலக்கினால் கட்டி கட்டியாக நிற்கும். சும்மா விட்டால் இரண்டு நாளில் முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வரும். அந்த இரண்டு நாளில் கை சும்மா இருக்காமல் டி.என்.ஏ.வுக்கு மரத்தில் ஒரு மாதிரி வடிவம் செய்தேன். பொழுதுபோக்காக ஆரம்பித்தது, கடைசியில் அளவீட்டைவிட அதிகமாகக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

அளவு எளிது: 1 ஆங்ஸ்ட்ராமுக்கு (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) 1 செ.மீ. டி.என்.ஏ.வின் விட்டம் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம், ஆகவே 20 செ.மீ. நீளத்தில் 12 மரப்பட்டிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை, இரு முனையிலும் ஒவ்வொரு துளை. நடுத்துளைகள் வழியாக ஒரு உலோகக் கம்பி. பட்டிக்கும் பட்டிக்கும் நடுவே 3.4 செ.மீ.க்கு வெட்டிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, அதுதான் படி இடைவெளி. ஒவ்வொரு பட்டியையும் முந்தையதிலிருந்து 36 பாகை திருப்பி, முனைத் துளைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் முறுக்கிய நூலேணி தயார்.

முதலில் கையில் கிடைத்த எலாஸ்டிக் நாடாவால் கட்டினேன். ஐந்தாவது இடைவெளியில் 3.4 செ.மீ.க்குப் பதில் 6.8 செ.மீ. துண்டைப் போட்டேன், அதாவது ஒரு மருந்து மூலக்கூறு உள்ளே நுழைந்துவிட்டது. நாடா நீண்டு கொடுத்தது. முறுக்கு அப்படியே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. "அப்படியானால் எல்லாரும் சொல்லும் முறுக்கு அவிழ்தல் எங்கே?" என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, நாடாவைப் பிரித்து எறிந்து, நீளாத நைலான் நூலால் திரும்பக் கட்டினேன். ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டி வரை நூலின் நீளம் 7.05 செ.மீ. வந்தது.

இப்போது அதே 6.8 துண்டைச் செருகப் போனால், நூல் விடாது. மேல் பாதி ஏணி முழுவதையும் கையால் பின்னோக்கித் திருப்பினால்தான் இடம் கிடைத்தது. திருப்பத் திருப்ப, சாய்ந்திருந்த நூல் நிமிர்ந்து செங்குத்தாக வந்தது. துண்டு 'டக்' என்று உட்கார்ந்ததும் கோணமானியை வைத்துப் பார்த்தேன். அந்தப் படியில் 36 பாகை முறுக்கில் மிச்சம் ஏறக்குறைய 11. அவிழ்ந்தது 25 பாகை. எத்திடியம் ஒன்று செருகினால் டி.என்.ஏ. 26 பாகை அவிழும் என்பது அளந்து நிலைநாட்டப்பட்ட எண். மரப்பட்டியும் நைலான் நூலும் இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதை நம்பி ரொம்பத் தூரம் போகவும் கூடாது. உண்மையான டி.என்.ஏ.வின் முதுகெலும்பில், அதாவது என் நூல் நிற்கும் இடத்தில், சர்க்கரை வளையங்கள் மடங்கியும் பிணைப்புகள் திரும்பியும் இடம் கொடுக்கும். டவுனோமைசினும் செருகிக்கொள்ளும் மருந்துதான். அது அவிழ்ப்பது சுமார் 11 பாகைதான். என் நூலேணியில் அதைக் காட்டவே முடியாது.

சரி, குழாய்க்கு வருவோம்.

கரைந்த டி.என்.ஏ.வை அப்படியே பாகுமானியில், அதாவது திரவம் ஓடும் நேரத்தை அளக்கும் கண்ணாடி நுண்குழாயில், ஊற்றினேன். வெறும் பஃபர் (பி.எச்.சை மாறாமல் வைக்கும் உப்புக்கரைசல்) மூன்று நிமிடத்தில் ஓடும் குழாயில் இது ஏழு நிமிடத்துக்கு மேல் ஊர்ந்தது. அடுத்த ஓட்டத்தில் வேறு நேரம், அதற்கடுத்து இன்னொன்று. நீளமான டி.என்.ஏ. குச்சி இல்லை, நூல்கண்டு. நுண்குழாய்க்குள் இழுபடும்போது உருக்குலைகிறது, கொஞ்சம் அறுந்தும் போகிறது. டி.என்.ஏ. விறைப்பாக நிற்பது சுமார் 50 நானோமீட்டர், அதாவது 150 காரஇணை (ஏணியின் ஒரு படி ஒரு காரஇணை) வரைதான். அதற்கு மேல் போனால் வளையத் தொடங்கும். ஆகவே 200, 300 காரஇணை அளவுக்குத் துண்டாக்க வேண்டும். அதற்கு சோனிகேட்டர், ஒலி அதிர்வால் உடைக்கும் கருவி.

சோனிகேட்டரில் நான் செய்த தப்பு இந்த முழு வேலையிலும் விலை கூடியது. தண்ணீரில் கரைத்திருந்ததைப் பஃபருக்கு மாற்றாமலும், பனிக்கட்டியில் வைக்காமலும், தொடர்ந்து ஐந்து நிமிடம் ஓட்டினேன். குழாயைத் தொட்டால் சுட்டது. கரைசல் தண்ணீர்போல் இளகியிருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். 40 மடங்கு நீர்த்து 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால் 0.50 இருக்க வேண்டிய இடத்தில் 0.61. இரட்டை இழை பிரிந்தால் உறிஞ்சல் கூடும். உப்பில்லாத தண்ணீரில் அது கொஞ்சச் சூட்டிலேயே பிரியும். எனக்குக் கிடைத்தது துண்டான டி.என்.ஏ. இல்லை, வெந்த டி.என்.ஏ. 20 மி.கி. சிங்க்கில் போனது. மருந்துகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த நாருக்கு ஆன செலவு வராது.

இரண்டாவது தடவை: 0.1 மோலார் சோடியம் குளோரைடு, 10 மில்லிமோலார் ட்ரிஸ், 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., பி.எச். 7.4. குழாய் பனிக்கட்டிக்குள். 10 வினாடி ஓட்டம், 30 வினாடி ஓய்வு, இப்படி மொத்தம் 15 நிமிட ஓட்டம். ஓய்வையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்ததும் அடியில் லேசான சாம்பல் படிவு. சோனிகேட்டர் முனையிலிருந்து உதிர்ந்த டைட்டேனியம் துகள். 0.45 மைக்ரான் வடிகட்டியில் இரண்டு முறை வடித்தேன். துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டியபோது 200க்கும் 300 காரஇணைக்கும் நடுவே அடர்ந்த ஒரு தீற்றல். உறிஞ்சல் 0.50. அப்பாடா.

அடுத்த தடை பாகுமானியே. முதலில் பயன்படுத்தியது ஆஸ்வால்ட் வகை, வெறும் 'யு' வடிவக் குழாய். அதில் ஊற்றும் கன அளவு மாறினால் கீழ்க்குமிழில் திரவ மட்டம் உயரும், ஓட்டத்தைத் தள்ளும் உயர வித்தியாசம் குறையும், நேரம் கூடும். நான் மருந்தைத் துளித் துளியாகச் சேர்த்துக்கொண்டே அளக்கிறேன். நேரம் அழகாக ஏறிக்கொண்டே போனது. சந்தேகம் வந்து, டி.என்.ஏ.வே இல்லாத வெறும் பஃபரில் இன்னும் 120 மைக்ரோலிட்டர் பஃபரைச் சேர்த்துப் பார்த்தேன். அதிலும் அரை வினாடி ஏறியது. அந்த வார நோட்டுப் பக்கங்கள் எல்லாவற்றிலும் குறுக்குக்கோடு.

மாற்றாக ஊபலோடே வகை. இதில் மூன்றாவதாக ஒரு கிளைக்குழாய் இருக்கும். அது திறந்திருந்தால் நுண்குழாயின் அடியில் காற்று நுழைந்து திரவத்தைத் துண்டித்துவிடும். அடியில் எவ்வளவு திரவம் கிடந்தாலும் நேரம் மாறாது. துளி சேர்த்து அளக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஒரு சிக்கல்தான்: திரவத்தை மேலே உறிஞ்சும்போது மூன்றாம் குழாயை மூட வேண்டும், விடும்போது திறக்க வேண்டும். முதல் நாள் நேரங்கள் கன்னாபின்னா என்று வந்தன. பக்கத்து மேசையில் வேலை செய்யும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மூணாவது குழாயில விரலை வச்சுக்கிட்டே நேரம் பார்க்கிற" என்றார். அன்றிலிருந்து அந்தக் குழாய்க்கு ஒரு சிவப்பு ரப்பர் மூடி. மூடி மேசைமேல் இருந்தால் ஓட்டம் சரி, குழாய்மேல் இருந்தால் ஓட்டம் தப்பு.

வெப்பநிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மூன்று வாரத்தைத் தின்றது அதுதான். நீரின் பாகுத்தன்மை ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மாறும். என் பஃபர் ஓடும் நேரம் 186.4 வினாடி, ஆக, ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 3.7 வினாடி. மருந்து ஒவ்வொரு தடவையும் ஏற்றும் நேரமோ 1.7 முதல் 1.9 வினாடி. பாகுமானி நிற்கும் நீர்த்தொட்டி அரை டிகிரி நகர்ந்தால் என் முழு விளைவும் காணாமல் போகும். புத்தகங்களில் எல்லாம் 25 டிகிரி என்று இருக்கிறதே என்று தொட்டியை 25இல் வைத்தேன். அறையே 26, 27 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சூடேற்றியால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. தொட்டி அறையோடு சேர்ந்து அலைந்தது. 30 டிகிரிக்கு மாற்றியதும் 0.02 டிகிரிக்குள் நின்றது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை. எனக்கு மூன்று வாரம் ஆனது.

அப்புறம் தூசி. ஓட்டம் திடீரென 2 வினாடி கூடினால் வேதியியலைத் தேடாதீர்கள், நுண்குழாயில் ஒரு நூலிழை கிடக்கும். அடர் நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டிய நீரில் பத்து முறை அலசி, வடிகட்டிய காற்றில் உலர்த்துவேன். துணி, டிஷ்யூ எதுவும் குழாய்க்குள் போகக் கூடாது.

கடைசியில் எல்லாம் கூடிவந்த நாளின் எண்கள்: 4 மி.லி. டி.என்.ஏ. கரைசல், மி.லி.க்கு 1 மி.கி., அதாவது காரஇணைக் கணக்கில் சுமார் 1.5 மில்லிமோலார். கால் மணி நேரம் தொட்டியில் ஊறவிட்டு ஓட்டினால் 199.6 வினாடி. பஃபரைவிட 13.2 அதிகம். அந்த 13.2 வினாடிதான் டி.என்.ஏ. நான் பார்க்க வேண்டியது அந்த 13.2இல் வரும் மாற்றத்தை மட்டும்.

எத்திடியம் கரைசல் 10 மில்லிமோலார். ஒரு தடவைக்கு 30 மைக்ரோலிட்டர் விட்டால் 20 காரஇணைக்கு ஒரு மருந்து மூலக்கூறு. டி.என்.ஏ. இவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் விட்டதெல்லாம் ஒட்டிவிடும், எவ்வளவு ஒட்டியது என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. இரட்டைக் கையுறை கட்டாயம். டி.என்.ஏ. படிக்குள் நுழையும் பொருள் என் டி.என்.ஏ.வையும் விடாது. கழிவுக்குத் தனி பாட்டில், பிப்பெட் முனைக்கும் தனி டப்பா.

முதல் துளி விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிப்பெட் முனையில் ஆரஞ்சாகத் தொங்கும் சொட்டு, கரைசலில் இறங்கும்போது புகை மாதிரி இழை இழையாகப் பிரிகிறது. இழைகளின் ஓரம் முதலில் நிறம் மாறுகிறது, ஆரஞ்சிலிருந்து ரோஜா நிறத்துக்கு. கலக்கி முடிப்பதற்குள் முழுக்க ரோஜா. படிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்த எத்திடியம் ஒளியை உறிஞ்சும் இடம் 480 நானோமீட்டரிலிருந்து 520 பக்கம் நகர்கிறது. கண்ணுக்கே தெரியும் மாற்றம்.

நேரங்கள்: 201.3, 203.2, 205.0, கடைசியாக 206.7. ஒவ்வொன்றும் மூன்று ஓட்டத்தின் சராசரி, மூன்றும் 0.1 வினாடிக்குள் வராவிட்டால் திரும்ப ஓட்டுவேன். நான்காவது சேர்ப்புக்குப் பிறகு ஐந்து காரஇணைக்கு ஒரு எத்திடியம். டி.என்.ஏ.வின் பங்கு 13.2 வினாடியிலிருந்து 20.3 ஆகியிருந்தது. 120 மைக்ரோலிட்டர் சேர்த்ததால் வந்த 3 சதவீத நீர்ப்பைச் சரிசெய்தால் 1.584 மடங்கு. விறைப்பான குச்சிகளுக்கு நீளம் இதன் கனமூலம் போல் மாறும் என்பது கோஹனும் ஐசன்பெர்க்கும் 1969இல் தந்த வழி. 1.584இன் கனமூலம் 1.166. ஒவ்வொரு எத்திடியமும் 3.4 ஆங்ஸ்ட்ராம் முழுதாகக் கூட்டியிருந்தால் 1.20 வந்திருக்க வேண்டும். என் துண்டுகள் 150 காரஇணையைவிட நீளம், கொஞ்சம் வளையும். குறைவுக்கு அதுவும் ஒரு காரணம். 1.166 எனக்குப் போதும்.

ஆனால் அக்கா விடவில்லை. "எதைச் சேர்த்தாலும் நேரம் ஏறும்னு நான் சொன்னா என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. ஆஸ்வால்ட் குழாயில் ஏமாந்தவன் நான்தானே. ஆகவே செருகாத மருந்து ஒன்று தேவைப்பட்டது. ஹெக்ஸ்ட் 33258 பிறை வடிவ மூலக்கூறு. படிகளுக்கு நடுவே போகாது, முறுக்கின் வெளிப்பக்கம் ஓடும் இரண்டு பள்ளங்களில் சிறு பள்ளத்தில், அதுவும் அடினீன், தைமீன் என்ற காரங்கள் வரிசையாக வரும் இடத்தில், கால்வாயில் படகு மாதிரி படுத்துக்கொள்ளும். புதிய 4 மி.லி., அதே அளவு சேர்ப்பு. 10 காரஇணைக்கு ஒன்று வரை போனேன். 199.6இல் தொடங்கியது 199.4இல் நின்றது. நீர்ப்பைக் கழித்தால் மாற்றம் பூஜ்யம். ஒட்டுவது வேறு, நீட்டுவது வேறு என்று காட்டிய இந்தச் சலிப்பூட்டும் எண்தான் எத்திடியம் எண்களுக்கு உயிர் கொடுத்தது. அடுத்த முறை இந்த ஓட்டத்தைத்தான் முதலில் செய்வேன்.

ஆசை விடவில்லை, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தையும் பார்த்தேன். அது செருகுவதும் இல்லை, பள்ளத்தில் படுப்பதும் இல்லை. பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு குவானீன் காரங்களைப் பிளாட்டினத்தால் கொக்கி போட்டு இழுத்து, டி.என்.ஏ.வைப் பெரும் பள்ளத்தின் பக்கம் 30 பாகைக்கு மேல் மடக்கிவிடும். வளைந்த குச்சி நேரான குச்சியைவிட வேகமாக ஓட வேண்டும். ஆக நேரம் குறைய வேண்டும்.

வழக்கமான பஃபரிலேயே சேர்த்து 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தேன். காலையில் ஒரு மாற்றமும் இல்லை. என் பஃபரில் 0.1 மோலார் குளோரைடு இருக்கிறதே! சிஸ்பிளாட்டின் தன்னிடம் உள்ள குளோரைடை விட்டு நீரை ஏற்றுக்கொண்ட பிறகுதான் டி.என்.ஏ.வில் ஒட்டும். சுற்றிலும் குளோரைடு மிதந்தால் அது விடவே விடாது. ரத்தத்தில் அது அடங்கியிருந்து, குளோரைடு குறைவான செல்லுக்குள் போனதும் வேலையைத் தொடங்குவதும் இதனால்தான். பள்ளிப் பாடம் மாதிரி தெரிந்த விஷயத்தைப் பஃபர் கலக்கும்போது மறந்துவிட்டேன். சீக்கிரம் கரையட்டும் என்று டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைக்கவும் பார்த்தேன். நல்லவேளை அக்கா தடுத்தார். அது பிளாட்டினத்தைத் தானே பிடித்துக்கொண்டு மருந்தைக் கெடுத்துவிடும்.

மறுபடி: டி.என்.ஏ.வை 10 மில்லிமோலார் சோடியம் பெர்குளோரேட்டுக்கு மாற்றி, 50 காரஇணைக்கு ஒரு சிஸ்பிளாட்டின், இருட்டில், 37 டிகிரியில் 24 மணி நேரம். பக்கத்திலேயே மருந்தில்லாத குழாய் ஒன்றும் அதே நேரம் அதே சூட்டில். பிறகு இரண்டிலும் உப்பைச் சேர்த்து அளந்தேன். மருந்தில்லாததில் டி.என்.ஏ.வின் பங்கு 12.8 வினாடி, சிஸ்பிளாட்டின் போட்டதில் 11.0. எத்திடியத்தின் பத்தில் ஒரு பங்கு மருந்துதான், ஆனாலும் எதிர்த்திசையில் தெளிவான இறக்கம். இந்த ஓட்டம் ஒரே ஒரு முறைதான் நடந்தது, ஏனென்றால் அடுத்த அலசலில் ஊபலோடேயின் மூன்றாம் கிளை தண்ணீர்க் குழாயின் முனையில் இடித்து உடைந்தது.

மொத்தச் செலவு: 60 மி.கி. டி.என்.ஏ., அதில் உருப்படியாகப் பயன்பட்டது 25. பாகுமானி இரண்டு, ஒன்று தேவையே இல்லை. வடிகட்டி ஒரு டஜன். அடுத்த தடவை துண்டாக்கியதை ஒரே தொகுதியாகச் செய்து 4 மி.லி. பங்குகளாக உறையவைப்பேன், ஒவ்வொரு தொகுதிக்கும் துண்டு நீளம் மாறுவதால் 13.2ஐயும் 12.8ஐயும் நேரடியாக ஒப்பிட முடியவில்லை. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துவதை விட்டுவிட்டு, பாகுமானியில் நேரம் தொடங்கும், முடியும் இரண்டு கோட்டிலும் ஒளி உணரி பொருத்துவேன். என் கட்டைவிரல் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் அழுத்துகிறது. நூலேணி இன்னும் மேசை ஓரத்தில் தொங்குகிறது, ஐந்தாம் படியில் 6.8 துண்டோடு. சிஸ்பிளாட்டினுக்கு அதில் எந்த இரண்டு பட்டியை எப்படி இழுத்துக் கட்டுவது என்று பார்க்க வேண்டும். நடுவில் போகும் உலோகக் கம்பியை முதலில் உருவ வேண்டியிருக்கும், அது இருக்கும்வரை ஏணி வளையாது.